பழுது பாராமலே கண்டம் செய்தல்

அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வழங்கும் ‘கண்டம்’ என்ற சொல்லுக்கும், துண்டு, நிலப்பரப்பு, ஆபத்து என்று அகராதிகள் பொருள் தரும் ‘கண்ட’த்துக்கும் எந்த உறவும் இல்லை. ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பிடுவதற்கும், ஒரு பொருள் இனி உதவாது என அறிவிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கண்டெம்’ என்ற ஒரே வினை பயன்படுகிறது. அந்த வினை கோப்புகளின் வழியே இந்திய மொழிகளுக்குள் நுழைந்து உள்ளூர்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. இந்தியில் ‘கண்டம் காடி’ என்றால் ஓடாத வண்டி. தமிழில் ‘கண்டம் பண்ணியாயிற்று’ என்றால் அந்தப் பொருளைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தீர்ப்பு என்ற பழைய பொருள் மட்டும் சொல்லின் அடியில் இன்னும் கிடக்கிறது. விசாரணை நடந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தியாவின் ஏதேனும் ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கோ மின்னணுவியல் துறைக்கோ சென்றால், ஆய்வகத்தின் பின்னறையிலோ மாடிப்படியின் அடியிலோ ஓர் அடுக்கைக் காணலாம். மாணவர்கள் சி.ஆர்.ஓ. என்று அழைக்கும் அலைநோக்கிகள், சிக்னல் ஜெனரேட்டர்கள், மின்வழங்கிகள், மேசை மல்டிமீட்டர்கள். சிலவற்றின் மேல் சுண்ணக்கட்டியால் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருக்கும். அவற்றுள் எத்தனை மீட்க இயலாதவை, எத்தனை ஒரே ஒரு மின்தேக்கியின் பழுதால் அங்கே கிடப்பவை என்பதைச் சொல்ல வல்லவர் பெரும்பாலும் அந்தத் துறையில் இல்லை. திறந்து பார்த்தவர் எவரும் இல்லை என்பதே காரணம். அவ்வாறு திறந்து பார்ப்பதை நிர்வாகம் எங்கும் கேட்பதும் இல்லை.

இது மிகைப்படுத்திய கூற்றன்று. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், பயனற்ற பொருள்களை அகற்றும் நடைமுறையை 217ஆம் விதி வகுக்கிறது. அதற்குரிய படிவம் ‘ஜி.எஃப்.ஆர். 10’. பொருளின் விவரம், எண்ணிக்கை அல்லது எடை, வாங்கிய விலை, பொருளின் நிலையும் வாங்கிய ஆண்டும், அகற்றும் முறை, குறிப்பு ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உண்டு. ஒரு படிவத்தை மொழியியல் மாணவர் எவரேனும் ஒரு பனுவலாக எடுத்து வாசித்தால், அது என்ன கேட்கிறது என்பதோடு என்ன கேட்கவில்லை என்பதும் உடனே கண்ணில் படும். எந்த உறுப்பு பழுதானது என்ற கேள்வி இல்லை. கண்டறிந்தவர் யார் என்ற கேள்வி இல்லை. மாற்று உறுப்பு கிடைக்குமா, என்ன விலை என்ற கேள்வியும் இல்லை. ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘பழுது’ என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அதே விதியில் இன்னொரு பகுதியும் உண்டு. அரசு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவாலோ மோசடியாலோ ஒரு பொருள் பயனற்றுப்போனால், அதற்குரிய பொறுப்பை அவர்மீது நிறுவ வேண்டும் என்கிறது அது. பொதுப்பணத்தைக் காக்க இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் ஆய்வகத்தில் அது தரும் விளைவு வேறு. பழுதான கருவியைத் திறக்காமல் வைத்திருந்தால் எவர்மீதும் பழி வராது. திறந்து, முயன்று, தோற்றால் வரலாம். ஆகவே கெட்டிக்காரரான தொழில்நுட்ப உதவியாளர்கூடத் திருகாணியைத் தொடாமல் இருப்பதே தமக்கு நல்லது என்று கற்றுக்கொள்கிறார். சில ஆண்டுகளில் அந்தக் கை பழக்கம் இழந்துவிடுகிறது.

தமிழில் இந்தத் தொழிலுக்கு வாய்த்த சொல் ‘பழுது பார்த்தல்’. சீர்செய்தல், செப்பனிடுதல் என்ற சொற்களும் உண்டென்றாலும், தெருவில் வழங்குவது பழுது பார்த்தலே. பழுதை நீக்குவதன்று, பழுதைப் பார்ப்பது. சொற்பிறப்பிலிருந்து வாதம் கட்டுவதைக் கற்றறிந்த மொழியியலாளர்கள் விரும்பமாட்டார்கள், சரிதான். இருந்தாலும் இந்த இடத்தில் சொல் வேலையின் இயல்பைச் சரியாகவே சுட்டுகிறது. பழைய மின்னணுக் கருவி ஒன்றைச் சீராக்குவதில் உறுப்பை மாற்றும் வேலை பெரும்பாலும் சில நிமிடங்களுக்கானது. எந்த உறுப்பு என்று காண்பதற்கே மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நேரம் செல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 465 என்ற அலைநோக்கி, 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கக்கூடிய இரு தட அலைநோக்கி. உலகெங்கும் ஆய்வகங்களிலும் பழுதுபார்க்கும் களங்களிலும் பல்லாண்டுகள் உழைத்த கருவி. அது ஒரு நாள் இயக்கியதும் திரையில் கோடு எதையும் காட்டவில்லை என்று கொள்வோம். பழகாத கண்ணுக்கு அது செத்த கருவி. பழகியவர் முதலில் முகப்பில் உள்ள ‘பீம் ஃபைண்ட்’ பொத்தானை அழுத்துவார். எங்கோ திரைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஒளிக்கோட்டை அது திரைக்குள் இழுத்துக் காட்டும். காட்டினால் திரைக்குழாயும் அதன் உயர் மின்னழுத்தச் சுற்றும் உயிரோடு உள்ளன என்று பொருள். பழுது அதற்கு முந்தைய பெருக்கிகளில் இருக்கிறது. காட்டாவிட்டால் வேறு வழி. ஒரே பொத்தானால் கருவியின் பாதி, சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது.

அடுத்தது மின்வழங்கி. பழைய கருவிகளில் பழுது தேடுவோர் எல்லாரும் முதலில் அங்கே போவதற்குக் காரணம் உண்டு. வெப்பமும் மின்னழுத்தமும் அங்கேதான் மிகுதி. காலத்தால் மூப்படையும் உறுப்புகளும் அங்கேதான் நிறைந்திருக்கின்றன. எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளின் உள்ளே இருக்கும் ஈரம் ஆண்டுகள் செல்லச்செல்ல வற்றுகிறது. கொள்ளளவு குறைகிறது, உள்மின்தடை ஏறுகிறது, நேர்மின்னோட்டத்தில் அலை புகுந்துவிடுகிறது. துளி வடிவ டாண்டலம் மின்தேக்கிகள் வேறு விதம். அவை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகி, தாம் தாங்கி நிற்கும் மின்னழுத்தத்தையே தரைக்கு இழுத்துவிடும். 465இல் +55, +15, +5, −8 வோல்ட் எனப் பல மின்னழுத்தங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று சுழியாக இருப்பதை மல்டிமீட்டர் காட்டினால், அந்தத் தடத்தில் உள்ள டாண்டலம் மின்தேக்கிகளே முதல் சந்தேகத்துக்கு உரியவை. குற்றவாளியை மாற்ற ஆகும் செலவு சில பத்து ரூபாய்.

மின்னிணைப்பு நுழையும் வாயிலில் இரைச்சல் வடிகட்டும் காகித மின்தேக்கிகளுக்கும் ஒரு குணம் உண்டு. ரிஃபா என்ற பெயரில் வந்த ஒளிபுகும் மஞ்சள் உறையிட்டவை இதற்குப் பேர்போனவை. உறையில் மயிரிழை விரிசல்கள் விழும். அவற்றின் வழியே காற்றின் ஈரம் உட்புகும். பத்தாண்டுகள் பெட்டிக்குள் உறங்கிய கருவியை ஒருவர் ஆர்வத்தோடு நேரே மின்னிணைப்பில் செருகினால், சில நிமிடங்களில் அறை முழுதும் கடும்புகை. அத்தோடு ‘எரிந்துவிட்டது’ என்று முடிவு கட்டப்படும். உண்மையில் எரிந்தது அந்த ஒரு வடிகட்டி மின்தேக்கி மட்டுமே. அதற்குப் பின்னால் உள்ள கருவி முழுதும் நலமாகவே இருக்கலாம். விவரமறிந்தவர்கள் பழைய கருவியை முதன்முறை இயக்கும்போது வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து வைப்பார்கள். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென எரியும், கருவி தப்பும். மின்பணியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த ‘சீரிஸ் பல்பு’ உத்திதான் இது. முதுநிலை இயற்பியல் மாணவர்களுள் இதை அறிந்தவர் சிலரே.

இரு தட அலைநோக்கியில் இன்னொரு வசதி இருக்கிறது. முதல் தடம் வேலை செய்து இரண்டாம் தடம் செய்யாவிட்டால், இரண்டு தடங்களின் சுற்றும் ஒரே அமைப்புடையவை என்பதால் ஒரே புள்ளியின் மின்னழுத்தத்தை இரண்டிலும் அளந்து ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். எங்கே முதன்முதலாக வேறுபாடு தோன்றுகிறதோ அங்கே பழுது. மொழியியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே கற்பிக்கப்படும் முறை இது. ‘கல்’, ‘பல்’ என்று மற்ற எல்லாம் ஒத்திருக்க ஒரே இடத்தில் வேறுபடும் இணைகளை வைத்து ஒலியன்களைக் கண்டறிவதும் இவ்வாறே. சிந்தனை முறையில் ஏற்றத்தாழ்வு ஏதும் இல்லை. முன்னதைச் செய்பவர் ‘டெக்னீஷியன்’, பின்னதைச் செய்பவர் ‘ஆய்வாளர்’ என்பது ஊதியப் பட்டியல் செய்த வேறுபாடு.

எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். திரைக்குழாய் உள்ள கருவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். இந்த வேலையைத் தனியே, இரவில், கற்றுத்தருவோர் இன்றி மாணவர் செய்யக்கூடாது. கற்றுத்தருவோர் வேண்டும் என்பதே இங்குள்ள வாதத்தின் பாதி.

கற்றுத்தருவோர் இல்லாத இடத்தில் ஒரு காலத்தில் கையேடு துணைநின்றது. 1950களிலும் 60களிலும் வந்த டெக்ட்ரானிக்ஸ் வெற்றிடக்குழாய் அலைநோக்கிகளுள் பலவற்றைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சிறு ஈயக்கம்பிச் சுருள் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கருவிகளில் உறுப்புகள் வெள்ளிப்பூச்சிட்ட பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டன. சாதாரண ஈயத்தைத் திரும்பத்திரும்பப் பயன்படுத்தினால் பூச்சு கரைந்து பட்டை பாழாகும். ஆகவே வெள்ளி கலந்த ஈயத்தைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்து அனுப்பினார். வாங்கியவர் என்றேனும் ஒரு நாள் இதைத் திறப்பார், சால்டரிங் அயர்னை எடுப்பார் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சுருளில் இருக்கிறது. கூடவே வந்த கையேடும் அத்தகையது. கருவி எவ்வாறு இயங்குகிறது என்று தொகுதி தொகுதியாக உரைநடையில் விளக்கும் ஓர் இயல், அதன்பின் முழு மின்சுற்று வரைபடம், வரைபடத்தின் முக்கியப் புள்ளிகளில் இருக்கவேண்டிய மின்னழுத்தமும் அலைவடிவமும், இறுதியில் பழுது தேடும் வழிமரம். ஹியூலெட்-பேக்கார்டின் கையேடுகளும் இத்தரத்தவையே. நல்ல தொழில்நுட்ப உரைநடைக்கு இவற்றை இன்றும் பாடமாக வைக்கலாம்.

இன்று விலைக்கு வரும் கருவியோடு வருவது, எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லும் பயனர் குறிப்பு மட்டுமே. சுற்று வரைபடம் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. பழுதானால் முழுப் பலகையையும் மாற்றுவது, இல்லையேல் கருவியையே மாற்றுவது. இதற்குப் பொறியியல் காரணங்களும் உண்டு. ஒரு தனிச் சில்லுக்குள் அடங்கிவிட்ட சுற்றில் மல்டிமீட்டரின் முனையை எங்கே வைப்பது? ஆனால் மின்வழங்கியும் விசிறியும் இணைப்பிகளும் சுழல்குமிழ்களும் இன்றும் சில்லுக்குள் அடங்கவில்லை. புதிய கருவிகளிலும் அவை பழுதாகத்தான் செய்கின்றன.

இந்தியாவில் இதைப் பற்றி எவரும் சிந்திக்காமல் இல்லை. 1959இல் தொடங்கப்பெற்ற மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பு பின்னர் சண்டிகரில் நிலைகொண்டது. அங்கேயே 1963இல் இந்திய-சுவிஸ் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. கருவிகளைச் செய்யவும் பேணவும் வல்ல கைகள் நாட்டுக்குத் தேவை என்ற தெளிவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் ‘யூசிக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல் கருவியியல் மையங்களை அமைக்க உதவியது. கருவிகளைப் பொதுவில் வைத்துப் பகிர்வதோடு, பழுது பார்ப்பதும் சிறு கருவிகளை வடிவமைப்பதும் அவற்றின் பணிகள். இயந்திரப் பட்டறை, கண்ணாடி ஊதும் பட்டறை, மின்னணுப் பட்டறை என்று அவை இயங்கின.

அந்தக் காலத்தின் கட்டாயமும் அதற்குத் துணைசெய்தது. 1991க்கு முன் ஒரு மாற்று உறுப்பை வெளிநாட்டிலிருந்து தருவிக்க இறக்குமதி உரிமமும் அந்நியச் செலாவணியும் வேண்டும். காத்திருக்கும் மாதங்களுக்குக் கணக்கில்லை. வேறு வழியின்றித் திறந்தார்கள், வேறு வழியின்றிக் கற்றார்கள். அந்த வறுமையைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. பற்றாக்குறையால் எத்தனையோ ஆய்வுகள் நின்றுபோயின. கேட்க வேண்டியது ஒன்றே. பற்றாக்குறை நீங்கியபோது அது உண்டாக்கிய திறனையும் சேர்த்தே கைவிட வேண்டியிருந்ததா? யூசிக் என்ற பெயர்ப்பலகை இன்றும் பல வளாகங்களில் உள்ளது. உள்ளே கவனம் பெரும்பாலும் விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவிகளுக்கும் அவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும் சென்றுவிட்டது. ஓய்வுபெறும் பட்டறைப் பணியாளர்களின் இடங்கள் பல பல்கலைக்கழகங்களில் நிரப்பப்படாமல் ‘காலி’ என்ற தலைப்பின்கீழ் நீடிக்கின்றன.

கட்டடம் கட்டுவோரை மேற்பார்ப்பவரைத் தமிழர் ‘மேஸ்திரி’ என்பர். வடக்கே கைத்தொழில் வல்லவர் ‘மிஸ்திரி’. இரண்டும் போர்த்துகீசிய ‘மெஸ்த்ரெ’ தந்தவை. ஆசான், வல்லோன் என்பது அதன் பொருள். அதற்கு மூலமான லத்தீன் ‘மகிஸ்தெர்’ வேறு பாதையில் ஆங்கிலத்துக்குச் சென்று ‘மாஸ்டர்’ ஆகி, எம்.ஏ., எம்.எஸ்சி. பட்டங்களின் பெயரில் அமர்ந்திருக்கிறது. ஒரே சொல் இரண்டு வாயில்களால் வளாகத்துக்குள் வந்தது. முன்வாயிலால் வந்தது பட்டமளிப்பு விழாவுக்குப் போயிற்று. பின்வாயிலால் வந்ததற்குப் பதவி உயர்வுகூட இல்லை.

பணத்தின் கணக்கும் பழுதுபார்ப்புக்கு எதிராகவே அமைந்துள்ளது. ஆய்வுத் திட்டங்களில் கருவி வாங்கும் தொகை மூலதனத் தலைப்பில் வருகிறது. உதிரி உறுப்பும் பழுதுச் செலவும் தொடர்செலவுத் தலைப்பில். முன்னது பெரிது, பின்னது எப்போதும் இறுக்கம். மூன்றோ ஐந்தோ ஆண்டுகளில் திட்டம் முடிந்ததும் கருவி துறையின் சொத்தாகிறது; அதைப் பேணும் செலவு எவர் தலைப்பிலும் இல்லை. பல லட்சம் ரூபாய்க்குப் புதுக்கருவி வாங்குவதற்கான கோப்பு மெதுவாக நகர்ந்தாலும் அதற்கென்று ஒரு பாதை இருக்கிறது. முப்பது ரூபாய் மின்தேக்கி பத்து வாங்கப் பாதை இல்லை. பெங்களூரின் எஸ்.பி. சாலையில் ஒரு சிறு கடையில் அது உடனே கிடைக்கும். ரசீது தணிக்கையாளர் ஏற்கும் வடிவில் கிடைக்காது. ஆகவே உதவியாளர் தம் சட்டைப்பையிலிருந்தே கொடுக்கிறார், அல்லது கருவியை அடுக்கில் வைத்துவிடுகிறார்.

ஏலத்துக்குப் பின் நடப்பதையும் கவனிக்கலாம். கண்டம் செய்யப்பட்ட கருவிகளில் ஒரு பகுதி பழைய பொருள் வணிகர்களின் கைவழியே எஸ்.பி. சாலை, மும்பையின் லேமிங்டன் சாலை, தில்லியின் லஜ்பத் ராய் சந்தை போன்ற இடங்களை அடைகிறது. அங்கே பள்ளிப்படிப்பை முடிக்காத ஒருவர் அதைத் திறக்கிறார், பார்க்கிறார், ஒரு மின்தேக்கியை மாற்றுகிறார், இயங்கும் கருவியாக விற்கிறார். வாங்குவோருள் பொறியியல் மாணவர்களும் சிறு தொழில்முனைவோரும் இருப்பார்கள். முனைவர் பட்டம் பெற்றோர் நிறைந்த ஒரு குழு கையெழுத்திட்டு உதவாதது என்று அறிவித்த பொருள் அது.

எதிர்வாதங்கள் உண்டு; அவற்றுள் சில வலிமையானவை. முதலாவது அளவுத்திருத்தம். இயங்குகிறது என்பதும் சரியாக அளக்கிறது என்பதும் வெவ்வேறு. சான்றிதழ் தரும் சோதனைக்கூடத்தில், மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் இடத்தில், தேசிய அளவீட்டுத் தரங்களோடு தொடர்பு நிறுவப்படாத பழைய கருவியை வைத்து அளப்பது தவறு. ஆனால் வகுப்பறைக்கும் ஆய்வகத்தின் அன்றாடத் தேவைக்கும் அத்தகைய சான்று கட்டாயமன்று. இன்னொன்றும் உண்டு: பழுது பார்க்கத் தெரியாத இடத்தில் அளவுத்திருத்தமும் பாழாகும். ஹியூலெட்-பேக்கார்டு 1980களின் இறுதியில் கொண்டுவந்த 3458ஏ என்ற எட்டரை இலக்க மல்டிமீட்டர் உலகின் அளவீட்டுக்கூடங்களில் இன்றும் மதிக்கப்படும் கருவி. அதன் அளவுத்திருத்த எண்கள் மின்கலம் உள்ளடங்கிய ஒரு நினைவகச் சில்லில் உள்ளன. மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ பத்தாண்டுகளே. அது தீர்வதற்குள் எண்களைப் படியெடுத்துச் சில்லை மாற்றிவிட்டால் கருவி பிழைக்கும். தவறவிட்டால் மறுபடி முழு அளவுத்திருத்தம் செய்யும்வரை அந்தத் துல்லியம் அனைத்தும் போயிற்று. இதைச் செய்யவேண்டும் என்று அறிந்த ஒருவர் ஆய்வகத்தில் இருக்கவேண்டும், அவ்வளவே.

இரண்டாவது எதிர்வாதம் விலை. அடிப்படை டிஜிட்டல் அலைநோக்கிகள் இன்று மலிவு, எடை குறைவு, படத்தைச் சேமித்தும் தருகின்றன. உண்மை. ஐம்பது மாணவர் உள்ள வகுப்புக்குப் புதியவை வாங்குவதே அறிவு. எல்லாப் பழைய கருவிகளையும் உயிர்ப்பிக்க வேண்டும் என்பது ஒரு வகை ஏக்கம், ஆய்வுக்கொள்கை ஆகாது. ஒலிப்பியலாளர்களின் சோனாகிராஃப் இதற்கு நல்ல சான்று. உருளையில் சுற்றிய தாளை ஊசி கருக்கிக் கருக்கி, 2.4 நொடிப் பேச்சுக்கு ஒரு படம் தரும் இயந்திரம் அது. இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ மென்பொருள் அதே வேலையை எந்த மடிக்கணினியிலும் இலவசமாகச் செய்கிறது. சோனாகிராஃபுக்கு இனி அருங்காட்சியகமே தகுந்த இடம். திரைக்குழாய் மங்கிப்போன அலைநோக்கிக்கும் பெரும்பாலும் அதுவே முடிவு. மாற்றுக்குழாய் கிடைப்பது அரிது.

ஆனால் எது அருங்காட்சியகத்துக்கு, எது மறுபடி மேசைக்கு என்று பிரிப்பதற்கே அறிவு வேண்டும். ஹியூலெட்-பேக்கார்டின் 8640பி சிக்னல் ஜெனரேட்டர் இதற்குப் பொருத்தம். தூய அலையைத் தருவதில் அதற்கு இன்றும் நற்பெயர் உண்டு. அதன் சுழல்குமிழுக்குப் பின்னுள்ள நெகிழிப் பற்சக்கரங்கள் மூப்பால் வெடிக்கும். குமிழ் சுழலும், அலைவரிசை மாறாது. படிவத்தில் ‘பழுது’ என்றே அது பதிவாகும். உலகில் பல ஆர்வலர்கள் பித்தளையிலோ முப்பரிமாண அச்சிலோ அந்தச் சக்கரத்தைச் செய்து பொருத்திவிட்டார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் இல்லாத பொறியியல் கல்லூரி இன்று எங்கே இருக்கிறது? அதில் சாவிக்கொத்துக்குப் பொம்மை அச்சிடும் மாணவருக்கு இந்தப் பற்சக்கரத்தைக் காட்டியவர் எவரும் இல்லை.

கொள்கை மட்டத்திலும் ஆய்வகக் கருவிகள் எவர் கண்ணிலும் படவில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகளும் கைக்கணினிகளும், வீட்டு நுகர்பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆய்வகக் கருவி அந்தப் பட்டியலில் இல்லை. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் ஆய்வகக் கருவிகள் தனி வகையாகவே உள்ளன. பழுது பார்க்கப்பட வேண்டியவையாக எண்ணப்படுவதற்கு முன்பே கழிவாக எண்ணப்படும் பேறு அவற்றுக்குக் கிட்டிவிட்டது. புதுப்பித்து விற்போரையும் அந்த விதிகள் கணக்கில் கொள்கின்றன என்பது ஆறுதல். எனினும் பல்கலைக்கழகக் கிடங்கு அலுவலருக்கு எளிய வழி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துச் சான்று பெறுவதே.

பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவை நுகர்வோர் மட்டுமல்ல, பெரிய கொள்முதலாளர்களும்கூட. ஒப்பந்தப்புள்ளியில் மின்சுற்று வரைபடத்தோடு கூடிய பராமரிப்புக் கையேடு தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், எல்லா நிறுவனங்களும் தரமாட்டா, சில தரும். தருபவற்றுக்கு மதிப்பெண் கூட்டலாம். பழைய கையேடுகளைப் பொறுத்தவரை, கிடங்கில் கரையான் தின்னும் பிரதிகளைத் துறை நூலகத்தில் எண்ணிட்டு வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

‘ஜி.எஃப்.ஆர். 10’ படிவத்தை எவரும் திருத்த வேண்டியதில்லை. அதோடு ஒரு தாளை இணைத்தால் போதும். என்ன அறிகுறி, எந்தெந்தப் புள்ளியில் என்ன மின்னழுத்தம், எந்த உறுப்பு சந்தேகத்துக்குரியது, மாற்றின் விலை, பார்த்தவர் பெயர். பார்த்த பிறகும் கண்டம் என்றே முடிவானால் அந்த முடிவுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தத் தாளே அடுத்த கருவியைத் திறப்பவருக்குப் பாடமாகும். திறந்து பார்ப்பதற்குத் துறைத்தலைவர் தரும் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால், தோல்வி கவனக்குறைவு ஆகாது. உதவியாளரின் அச்சமும் நீங்கும். முதுநிலை மாணவருக்குச் செய்முறைத் தேர்வின் ஒரு பகுதியாக இந்தத் தாளைத் தயாரிக்கும் பணியைக் கொடுக்கலாம். கருவி உயிர்த்ததா என்பதற்காக அன்றி, பழுதை எவ்வளவு தொலைவு துரத்தினார் என்பதற்கு மதிப்பெண்.

ஓய்வுபெற்றவர்கள் பலர் இன்னும் வளாகங்களுக்கு அருகிலேயே வசிக்கிறார்கள். எந்தக் கருவியின் எந்தப் பலகையில் எந்த இணைப்பு தளரும் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது, எங்கும் எழுதப்படவில்லை. பேசுவோர் குறைந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்த ஒலிப்பதிவுக் கருவியோடு போகும் மாணவர்கள் ஒருவரிடம் எவ்வாறு கேட்க வேண்டும் என்ற பயிற்சி பெற்றவர்கள். அதே பயிற்சி இங்கும் பயன்படும். ஒரு மதிப்பூதியம், ஒரு மேசை, வாரத்துக்கு இரண்டு பிற்பகல், கேட்டு எழுத ஒரு மாணவர். கைத்திறன் பதிவால் மட்டும் வந்துவிடாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அதற்கும் அந்தப் பிற்பகல்கள் போதுமானவை.

நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நேரில் சரிபார்க்க வேண்டும் என்று அதே பொது நிதி விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு துறையிலும் ஒருவர் பதிவேட்டோடு அந்த அடுக்கின் முன் போய் நின்று, கருவிகளின் மேல் ஒட்டிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக் குறியிடப்போகிறார். அன்றைக்கு அவரோடு ஒரு திருகுளியும் ஒரு மல்டிமீட்டரும் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரும் போகலாம்.